ஒரகடத்திலிருந்து தில்லிக்கு ஒரு விண்ணப்பம்

2022-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு மே 5 அன்று தொடங்கி 28 அன்று முடிந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட ‘க்யூட்’ நுழைவுத்தேர்வுக்கான பதிவு ஏப்ரல் 6-இல் ஆரம்பமானது. முதலில் சொன்ன கடைசி நாள் மே 6; நீட்டித்த பிறகு மே 22. இரண்டு தேதிப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், பொதுத்தேர்வுக்குத் தயாராகும் நாட்களிலோ, ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் கிடைக்கும் விடுமுறையிலோதான் பிரவுசிங் சென்டருக்கு ஓட வேண்டும். இதில் சதி ஒன்றுமில்லை. தேதி குறித்தவர்களின் மனத்தில் அப்படியொரு பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

அப்படி ஓடிய ஒருத்தியின் நினைவுகள் இவை. ஒரகடம் கூட்டுச் சாலையிலிருந்து வாலாஜாபாத் போகும் பக்கமாக, பிரதான சாலையை விட்டு உள்ளடங்கிய ஓர் ஊர். அங்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூவில் அவள் படித்தது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் அடங்கிய பிரிவு. வகுப்பில் இருபது பேருக்குச் சற்று மேல். அவளுடைய பெயர் இங்கே வேண்டாம். பெயரைவிட இனிஷியல்தான் அவளை அதிகம் அலைக்கழித்தது. அதை மட்டும் சொல்லலாம்: கு.

அந்தப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் போன இடங்கள் ஊருக்கே தெரியும். காஞ்சிபுரத்தில் கல்லூரி, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு, நர்சிங், இல்லையென்றால் கம்பெனி. ரிசல்ட் வந்த வாரத்திலேயே மேன்பவர் ஏஜென்டுகள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். போட்டோ, ஆதார் நகல், மார்க் ஷீட் நகல் மூன்றும் இருந்தால் அடுத்த திங்கட்கிழமை வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். இப்படி ஒரு வழி வாசல்வரை வந்து நிற்கும்போது, இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு வழியைத் தேட யாருக்குத் தோன்றும்?

அவள் வளர வளர அந்த வட்டாரமும் வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் செய்யத் தொடங்கிவிட்டது. அது அவள் பிறப்பதற்கு முந்தைய கதை. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்த 2010-இல் அவள் ஒன்றாம் வகுப்பு. டைம்லர் லாரி ஆலை திறந்தபோது மூன்றாம் வகுப்பு. ராயல் என்ஃபீல்டு வந்தபோது நான்காம் வகுப்பு. ஏரிக்கரையோரப் புஞ்சையெல்லாம் சிப்காட் ஆனது. கொரிய உணவகங்களின் பெயர்ப் பலகைகளை அவள் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிட்டாள். சியோலிலிருந்தும் யோகோஹாமாவிலிருந்தும் மேலாளர்கள் வந்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளிகள் வந்தார்கள். வருகிற சாலையாகவே இருந்தது அது. அந்தச் சாலை வழியே வெளியே போய்ப் படித்தவர் என்று அவள் பள்ளியில் சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை.

வீட்டில் சம்பாத்தியத்தின் ருசியும் அதன் நிலையாமையும் தெரிந்தவர் சித்தி. 2007-இல் பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் சேர்ந்தவர். அந்த ஆலை 2006-இல் திறந்தது. செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேராமல் நின்றுபோனது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சித்திக்கு அப்போது இருபத்தைந்து வயது. “விருப்ப ஓய்வாம். யாரு விருப்பம்னு கேட்டாங்களா?” என்று பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பார். அவளுடைய அப்பா கம்பெனி வேன் டிரைவர். ஏ ஷிப்ட் ஆட்களை விடியற்காலையில் ஏற்றி, பி ஷிப்ட் ஆட்களை நள்ளிரவில் இறக்குகிற வேலை.

தில்லிச் செய்தி அந்த வீட்டுக்கு வந்த வழி விசித்திரமானது. பள்ளி சொல்லவில்லை, செய்தித்தாளும் சொல்லவில்லை. பின்கட்டில் குடியிருந்த பீகார்க்காரப் பெண் சொன்னாள். அவள் கணவர் ஒரு கார் உதிரிபாக ஆலையில் சூப்பர்வைசர். சொந்த ஊர் தர்பங்காப் பக்கம். கடைத்தெருவில் கற்ற தமிழில் ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள்: “டெல்லிக்குப் போட்டாச்சா நீ? என் தம்பி போட்டாச்சு.” என்ன போடுவது, எங்கே போடுவது என்று புரியவே இவளுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. தர்பங்காவில் இருக்கும் தம்பியோடு வாட்ஸாப் அழைப்பில் பேசவைத்ததும் அந்த அக்காதான். அவனுக்கு ஆங்கிலம் சுமார், இவளுக்கும் சுமார். ஆனால் அவனுக்கு எல்லாத் தேதியும் தெரிந்திருந்தது. எந்தப் பாடத்துக்கு எந்தத் தாள் எழுத வேண்டும், எந்தச் சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும், வடக்கு வளாகம் என்றால் எது, தெற்கு வளாகம் என்றால் எது, எல்லாம் விரல்நுனியில்.

அவன் மட்டும் கெட்டிக்காரன் என்பதல்ல விஷயம். அவனுக்கு முன்னால் பெரியப்பா மகன் போயிருந்தான். அவனுக்கு முன்னால் பக்கத்துத் தெரு அண்ணன். தில்லி முகர்ஜி நகரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பழக்கம் பீகாரின் சிறு ஊர்களுக்குப் புதிதல்ல. அங்கே தொழிற்சாலை இல்லை, அதனால் பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் வெளியே போயே ஆக வேண்டியிருந்தது. போகப் போக ஒரு தடம் விழுந்தது. ஒரகடத்தில் வேலை வீட்டு வாசலில் இருந்ததால் அந்தத் தடம் விழவே இல்லை. பிழைப்புக்காக அங்கிருந்து வந்த பெண், படிப்புக்கான வழியையும் கூடவே கொண்டுவந்து கொடுத்தாள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தில்லிக்கே போனதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நுழைவுத்தேர்வு வருவதற்கு முன் தில்லிக் கல்லூரிகள் பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே பார்த்தன. தமிழ்நாட்டில் 1200 மதிப்பெண் முறை இருந்த காலத்தில் வணிகவியலிலும் கணக்குப் பதிவியலிலும் 200-க்கு 200 வாங்கியவர்கள் ஏராளம். 2010-களின் நடுவில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியின் பி.காம். வகுப்பில் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் குவிந்ததைத் தில்லி நாளிதழ்கள் வியப்போடு எழுதின. 2021-இல் தில்லிக் கல்லூரிகளின் கட்-ஆஃப் சில பாடங்களுக்கு 100 விழுக்காட்டையே தொட்டது. ஆனால் அப்படிப் போனவர்களில் பலருக்குப் பின்னால் வழிகாட்டி அனுப்பிய தனியார் பள்ளி இருந்தது. ஒரு பள்ளியிலிருந்து முதல் ஆண்டு இரண்டு பேர் போனால் அடுத்த ஆண்டு பத்துப் பேர் போவார்கள். முதல் இரண்டு பேர் போகாத பள்ளியில் அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை.

அவள் பள்ளியில் கேட்டபோது பதில் வேறு விதமாக வந்தது. 2022 ஏப்ரல் 11 அன்று க்யூட் தேர்வு வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. “நம்ம ஸ்டேட்டுக்கு அது வராதும்மா” என்றார் ஓர் ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான். தீர்மானத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை அடிப்படையாகக் கொண்ட தேர்வு, மாநிலப் பாடநூல் படித்தவர்களைப் பின்னால் தள்ளும். பயிற்சி மையங்களைப் பெருக்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தால் தில்லிப் பல்கலைக்கழகம் தன் சேர்க்கை முறையை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அரசியல் நிலைப்பாடு ஒன்று, விண்ணப்பத்தின் கடைசித் தேதி இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் இல்லாததால் அந்த ஆண்டு எத்தனை பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் சும்மா இருந்துவிட்டார்களோ!

விண்ணப்பம் போட்ட இடம், ஒரகடம் கூட்டுச் சாலையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பான் கார்டு எல்லாம் செய்துதரும் ஒரு கடை. கடைக்காரருக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பமும் பொறியியல் கலந்தாய்வும் தண்ணீர்பட்ட பாடு, க்யூட் புதுசு. பெயர்க் கட்டத்திலேயே வண்டி நின்றது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால். அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் சாதிச் சான்றிதழில் ‘ஐ’ என்று முடிந்தது, ஆதாரில் ‘ஒய்’ என்று முடிந்தது. குப்புசாமி என்ற அந்த மனிதருக்குத் தன் பெயர் இரண்டு விதமாக இருப்பது நாற்பத்தாறு வயதுவரை ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. சம்பளம் வந்தது, ரேஷன் வந்தது, ஓட்டுப் போட்டார். தில்லிக்கு மட்டும் ஒரே ஒரு குப்புசாமி தேவைப்பட்டார்.

ஆதாரைத் திருத்தி, திருத்திய ஆதாரைக் காட்டி மற்றதைத் திருத்தி என்று அலைந்த கதையை விவரிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் அனேகமாக எல்லா வீட்டிலும் அந்த அனுபவம் உண்டு. சொல்ல வேண்டியது ஓ.பி.சி. சான்றிதழைப் பற்றி. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும், அது நிரந்தரம். லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்பார்கள். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே 27 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு, குடும்பம் ‘கிரீமி லேயர்’ வரம்புக்குள் வரவில்லை என்று சொல்லும் தனிச் சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். 2022 சேர்க்கைக்கு என்றால் அந்த ஆண்டு மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக அது நகர வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் அவளிடம் கேட்டார்கள்: “அதான் சர்டிஃபிகேட் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. தர்பங்காத் தம்பி அனுப்பிய படிவத்தைக் கைப்பேசியில் காட்டினாள். தில்லிக்குப் படிக்கப் போகவா என்று கேட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்தவர் அதுவரை நிமிராத தலையை நிமிர்த்தினார். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து அலுவலகங்களில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் நிறைய; இதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

ஓ.பி.சி. பிரிவுக்கு நுழைவுத்தேர்வுக் கட்டணம் 600 ரூபாய். சித்தி கொடுத்தார்.

எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. அவளுக்குப் பிடித்தது பொருளியல். தில்லியில் பொருளியல் ஆனர்ஸ் படிக்கக் கணிதம் கட்டாயம். அவள் பிரிவில் கணிதம் இல்லை. பதினோராம் வகுப்பில் பிரிவு எடுக்கும்போதே முடிந்துபோன விஷயம் அது. அந்த நேரத்தில் தில்லியைப் பற்றி யார் நினைத்தார்கள்? வரலாறு என்று முடிவானது. மொழித்தாளுக்குத் தமிழையே எடுக்கலாம் என்று தெரிந்தபோது வந்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. தேர்வு 13 மொழிகளில் நடந்தது. மொழித்தாளில் தமிழும் ஒரு பாடம்.

வரலாற்றில்தான் சிக்கல். என்.சி.இ.ஆர்.டி.யின் அப்போதைய பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு ஹரப்பாவின் செங்கல்லில் தொடங்கியது. மகாஜனபதங்கள், சாஞ்சி, பயணிகள், பக்தி இயக்கம், விஜயநகரம், முகலாயர் என்று நடந்து பிரிவினையிலும் அரசியல் சட்டத்திலும் முடிந்தது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு நூலோ இந்தியத் தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, இரண்டாம் பாதியில் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. ஹரப்பாவும் சாஞ்சியும் இங்கே பதினோராம் வகுப்பில். அவளுடைய பதினோராம் வகுப்பு என்பது 2020-21. பள்ளி பூட்டியிருந்த ஆண்டு. கல்வித் தொலைக்காட்சியில் கொஞ்சம், கைப்பேசியில் கொஞ்சம், கடைசியில் எல்லோரும் தேர்ச்சி. அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாயிற்று. கீழ்வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்து, ஆங்கில என்.சி.இ.ஆர்.டி. நூலைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படித்தாள். என்.சி.இ.ஆர்.டி. அப்போது தன் நூல்களை இந்தியிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. தமிழில் இல்லை. தமிழில் எழுதலாம், தமிழில் படிக்க நூல் கிடையாது: இந்தத் தேர்வைப் பற்றிய சரியான குற்றச்சாட்டு இதுதான்.

ஒரு சின்ன ஆறுதல், பக்தி இயக்கப் பாடம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் தில்லிப் பாடநூலில் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன! 1017-இல் அந்த ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இராமானுசர், போதாயனரின் உரை ஒன்றைப் படிக்கக் காஷ்மீரம்வரை போனதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறும். நூலை எடுத்துவர அங்கே விடவில்லையாம். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் ஊர்க்காரரான கூரத்தாழ்வான், இரவில் அதைப் படித்து மனப்பாடமாகவே கொண்டுவந்துவிட்டாராம். வெளிமாநிலம் போய்ப் படிப்பது அந்த மண்ணுக்குப் பழசுதான்; இடையில் ஆயிரம் ஆண்டு விட்டுப்போயிற்று.

அந்த முதல் க்யூட்டுக்குப் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 14.9 லட்சம் பேர். ஜூலை 15-இல் தொடங்கி ஆகஸ்ட் 10-க்குள் முடியும் என்றார்கள். ஆகஸ்ட் 30 வரை போனது. ஆகஸ்ட் 4 பிற்பகல் தேர்வு தொழில்நுட்பக் கோளாறால் நாடு முழுக்க ரத்தானது. அவள் எழுதியது ஆகஸ்டில், நெடுஞ்சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினிக் கூடத்தில். ஒரு பாடத்துக்கு 45 நிமிடம். 50 கேள்வியில் 40-க்கு விடை. சரியென்றால் ஐந்து மதிப்பெண், தவறென்றால் ஒன்று போச்சு. வாசலில் சென்னையிலிருந்து காரில் வந்திறங்கிய பிள்ளைகள் மாதிரித்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாதிரித்தேர்வு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. அதுவரை மவுஸ் பிடித்து அவள் எழுதிய தேர்வு எதுவும் கிடையாது. முதல் சில நிமிடங்கள் அடுத்த கேள்விக்குப் போகும் பொத்தானைத் தேடுவதில் கழிந்தன. தமிழ்த்தாளைத் திறந்ததும் கை தானாக நிதானப்பட்டது.

பிறகு காத்திருப்பு. பொதுத்தேர்வு முடிவு ஜூன் 20-லேயே வந்துவிட்டது. தோழிகள் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் கம்பெனியில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டார்கள். க்யூட் முடிவு செப்டம்பர் 16-இல் வந்தது. தில்லியின் முதல் சேர்க்கைப் பட்டியல் அக்டோபர் 19-இல்தான். அதுவரை வீட்டில் சும்மா இருப்பதா? காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிட்டார் அப்பா. நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கட்டணத்தைவிட இந்த இடைக்காலக் காத்திருப்பின் செலவு பெரிது. வசதியுள்ள வீட்டுக்கு அது காத்திருப்பு, வேன் டிரைவர் வீட்டுக்கு அது ஒரு கல்லூரிக் கட்டணம்.

தில்லியில் வடக்கு வளாகக் கல்லூரி ஒன்றில் வரலாறு ஆனர்ஸ் கிடைத்தது. காஞ்சிபுரத்துக் கல்லூரியில் டி.சி.யும் அசல் மதிப்பெண் பட்டியலும் கேட்டபோது, கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். அந்த ஆண்டு நுழைவுத்தேர்வுகள் தாமதமானதால், அக்டோபர் 31 வரை சேர்க்கையை ரத்து செய்பவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தவர் சித்தி. நோக்கியா மூடியபோது தொழிற்சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்; காகிதத்தின் பலம் அவருக்குத் தெரியும். பணம் வந்தது, தாமதமாக.

வீட்டில் எதிர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: “பி.ஏ. ஹிஸ்டரி இங்கியே இருக்கே, அதுக்கு ஏன் டெல்லி?” அது நல்ல கேள்வி. எளிதில் தட்டிவிடக்கூடியதல்ல. ஐ.ஐ.டி., எய்ம்ஸ் என்றால் எந்த அப்பாவும் கேட்க மாட்டார். 2022 மார்ச்சில் வந்த தமிழ்நாடு நிதிநிலை அறிக்கைகூட, அரசுப் பள்ளி மாணவர்கள் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்றுதான் சொன்னது. வரலாறு படிக்க ஊர் விட்டு ஊர் போவதற்கு நம் சமூகத்தில் இன்னும் மரியாதையான ஒரு காரணம் உருவாகவில்லை. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்குள் என்பதும், சித்தி தன் விருப்ப ஓய்வுப் பணத்தின் மிச்சத்தை எடுத்துத் தருவதாகச் சொன்னதும்தான் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தங்கும் செலவு கல்லூரிச் செலவைப் பல மடங்கு தாண்டியது. முதலாமாண்டு முழுக்க அப்பா இரட்டை ஷிப்ட் ஓட்டினார்.

இரவு பத்து மணிக்குச் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை தில்லி சேரும். நவம்பர் 2-இல் வகுப்புகள் தொடங்கின. முதல் பருவத்தில் ஆங்கில வகுப்புரைகளில் பாதி புரியவில்லை. குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதவில்லை. தர்பங்காத் தம்பிக்குத் தெற்கு வளாகத்தில் இடம் கிடைத்திருந்தது; முதல் வாரம் மெட்ரோ அட்டை வாங்கிக்கொடுத்தது அவன். மற்றதெல்லாம் எல்லா வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான்.

தில்லிக்குப் போன பிறகுதான் தான் தவறவிட்ட மற்ற கதவுகளின் பட்டியல் அவளுக்குத் தெரியவந்தது. பெங்களூருவின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் முழுமையாகவே தள்ளுபடியாகும். அதன் விண்ணப்ப வேலை பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். மைசூருவில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் தென் மாநில மாணவர்களுக்கென்றே இடங்கள் உண்டு. ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்த பட்டம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. உண்டு. எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஸ்ரீபெரும்புதூரிலேயே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அந்த நிறுவனத்துக்குக் கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் முதுநிலை படிக்க மாணவர்கள் வருகிறார்கள். அவள் அப்பாவின் வேன் அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போனது. அது ஏதோ ஆபீஸ் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிய சிக்கல் காத்திருந்தது. 2021-இல் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. 2023 ஜே.இ.இ. மெயின் விண்ணப்பம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டு நின்றது. தமிழக அரசு தலையிட்ட பிறகுதான் விலக்குக் கிடைத்தது. இப்படி ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒரு கட்டம் தமிழ்நாட்டுப் பிள்ளையை நிறுத்திவைக்கும். அவளுடைய பள்ளியில் அந்த ஆண்டு இரண்டு பேர் க்யூட்டுக்கு விண்ணப்பித்தார்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் தில்லிக்குப் போன் போட்டார்கள். 2025-இல் அவள் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வந்தபோது, தில்லி இல்லாவிட்டாலும் ஐதராபாத்திலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அந்தச் சிறிய பள்ளியின் பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளியில் வேறெதுவும் மாறவில்லை. கேட்டால் சொல்ல ஓர் ஆள் இருந்தது மட்டுமே புதுசு.

இதை வைத்துக்கொண்டு ஒரகடம் வட்டாரத்துக் கம்பெனிகளிடம் ஒன்று கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஒரகடம் பக்கத்துப் பள்ளிகளில் அதன் தடயங்கள் எங்கும் உண்டு: லோகோ போட்ட பெஞ்சு, லோகோ போட்ட குடிநீர்த் தொட்டி, வர்ணம் அடித்த சுவர், ஸ்மார்ட் கிளாஸ் திரை. வேண்டியவைதான். ஆனால் சுவருக்கு மூன்றாம் முறை வர்ணம் அடிக்கும் பணத்தில், ஐந்தாறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். டிசம்பரிலிருந்து ஜூன்வரை பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்து படிவம் நிரப்புவதே அவர் வேலையாக இருக்கட்டும். மாவட்டத்துக்கொன்றாக அரசு தொடங்கியிருக்கும் மாதிரிப் பள்ளிகள் இதைச் செய்கின்றன. அங்கே தேர்வாகாமல் ஊர்ப் பள்ளியிலேயே இருப்பவர்கள்தான் பெரும்பாலோர்.

தேதிகளின் மோதல் 2022-ஓடு தீர்ந்துவிடவில்லை. 2024-இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 1 முதல் 22 வரை. க்யூட் பதிவும் மார்ச் முழுக்க. 2025-இல் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. க்யூட் பதிவு மார்ச் 1-இல் தொடங்கி 24-இல் முடிந்தது. எனவே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், அரையாண்டு விடுமுறையிலேயே ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்து, பிள்ளையின் இனிஷியலும் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் டிசம்பரிலேயே திருத்தக் கொடுத்துவிடுங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போங்கள்.